படகுக்குப் போட்ட பஸ் தரை

அணைத் தண்ணீருக்கு நடுவில் இருந்தபோது என் வலது கால் படகுக்குள் இறங்கிவிட்டது.

தூண்டிலை எடுக்கலாம் என்று எழுந்து ஒரு எட்டுதான் வைத்தேன். பலகை சத்தம்கூடப் போடவில்லை. டீயில் ஊறிய ரொட்டி மாதிரி விலகிக் கொடுத்து, கணுக்கால் வரை உள்ளே வாங்கிக்கொண்டது. கீழே சில்லென்று, நாற்றமடிக்கும் பழைய தண்ணீர். காலை இழுத்தால் கால் வருகிறது, செருப்பு வரவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் படகின் கூடு ஃபைபர். பலகை என்பது நாம் மிதிப்பதற்காக மேலே பாவியது, அவ்வளவுதான். அது உடைந்தால் படகு மூழ்காது. இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் இரண்டு கையாலும் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"பார்த்தியாடா, நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்று முன்பக்கம் பார்த்துக் கத்தினேன்.

உட்காரும் முன் பலகையில் யாரும் இல்லை. பலராமன் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அழாத நான் அன்றைக்கு ஒற்றைச் செருப்போடு தண்ணீர் நடுவில் உட்கார்ந்து அழுதேன். சுற்றிலும் கல்ராயன் மலை நின்றுகொண்டிருந்தது, வேறு ஆள் கிடையாது.

டிரைவரும் டிங்கரும்

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு நான் யார் என்று தெரியும். இன்றைக்குத்தான் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் டிப்போவில் பாடி செக்‌ஷனில் டிங்கராக முப்பத்து மூன்று வருஷம் வேலை. எஞ்சின்காரன் எஞ்சினைப் பார்ப்பான், நான் மற்றதைப் பார்ப்பேன். ஜன்னல், சீட்டு, படிக்கட்டு, முக்கியமாகத் தரை. ஒரு பஸ்ஸில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று கண்டக்டர் டிக்கெட்டைப் பார்த்துச் சொல்வார். நான் தரையைப் பார்த்துச் சொல்வேன்.

கல்யாணம் எனக்குத் தோதுப்படவில்லை. அதைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு கடிதம் வந்திருக்கிறது. எழுத மாட்டேன்.

பலராமன் டிரைவர். மலை ரூட்டில் ஓட்டியவன். வளைவில் ஹாரன் அடிப்பதைவிட ஆளைத் திட்டுவதுதான் அதிகம். அவன் வண்டித் தரையில் எங்காவது ஒரு ஓட்டை விழுந்தால் நேரே என்னிடம் வந்து, "யோவ் கோவிந்து, உன் தகட்டு வழியா ரோடு தெரியுதுய்யா, ஜனங்க கீழ குனிஞ்சு ஊரு பேரு படிச்சிக்கினு வராங்க" என்பான். அப்படித்தான் சிநேகிதம் பிடித்தது.

இரண்டு பேரும் ஒரே வருஷம் ரிடையர் ஆனோம். மலைமேல் ஒரு படகுத் துறையில் கழித்துக்கட்டிய படகுகளை ஏலம் விடுகிறார்கள் என்று அவன்தான் துப்புக் கொண்டுவந்தான். நான்கு பேர் உட்காரும் படகு. பச்சை பெயின்ட் உரிந்து, அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில் நீலம். ஆளுக்குப் பாதி என்று எடுத்து, மினி லாரியில் ஏற்றி, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தாண்டிக் கச்சிராயபாளையம் கொண்டுவந்து சேர்த்தோம். வழிநெடுக அவன் லாரி டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தான். தூண்டில் போடுவதற்கு முறையாக அனுமதி வாங்கினோம்.

தண்ணீரில் இறக்குகிற அன்று ஒரு சிக்கல். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். இதற்குச் சக்கரம் எங்கே? டிப்போவில் ஆயுள் முழுக்கப் பழம் நசுக்கிய இரண்டு பேர், கையில் ஆளுக்கொரு பழத்தோடு கரையில் நின்று அரை மணி நேரம் யோசித்தோம். கடைசியில் படகின் முன் மூக்குக்குக் கீழே வைத்துத் தள்ளினோம். பழம் நசுங்கவில்லை. மிதந்து எங்களோடேயே வந்தது.

அதன் பிறகு நான்கு வருஷம், தினமும் காலை பத்து மணிக்குப் போவோம், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புவோம். நான் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவேன். அவன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கெட் எடுத்த பாசஞ்சர் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

"நீயும் போடேன்டா" என்றால், "முப்பது வருசம் நான் ஓட்டுனேன், நீ ஒக்காந்துகினு வந்த. இப்ப நீ ஓட்டு" என்பான்.

தகடா, பலகையா

படகு வாங்கிய முதல் மாதமே தரை சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். தொழில் அப்படி. கட்டை விரலால் அழுத்தினாலே தெரிந்தது, சாதாரண ப்ளைவுட், உள்ளே தண்ணீர் குடித்து உப்பியிருக்கிறது.

மாற்றியாக வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. நான் அலுமினியத் தகடு என்றேன். பஸ் படிக்கட்டில் மேடு மேடாகப் புடைத்த தகடு பார்த்திருப்பீர்களே, அதுதான். துருப்பிடிக்காது, செல் அரிக்காது, கால் வழுக்காது.

அவன் பலகை என்றான். ஏன் பலகை என்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டான். "படகுன்னா பலகைதான்" என்பான். இதுவா காரணம்? நான் விவரம் சொல்லி வாதாடுவேன். அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "தகடு வேணான்னா வேணாம்" என்பான். நான்கு வருஷம் இந்த வழக்கு நடந்தது. தீர்ப்பு வரவில்லை, பலகை உளுத்துக்கொண்டே போனது.

அவன் இறந்தது தண்ணீரில் இல்லை. வீட்டில், காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டான்.

வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன். எதிர்க்கட்சி இல்லாத சட்டசபையில் தீர்மானம் நிறைவேறுகிற மாதிரிதான். அந்த ஜெயிப்பில் ஒரு ருசியும் இல்லை.

பூந்தொட்டி

செருப்புப் போன கதையை நான் டீக்கடையில் சொன்னேன். அது எப்படியோ சென்னையில் இருக்கும் பலராமன் மகன் காதுக்குப் போய்விட்டது. போன் பண்ணினான். நல்ல பையன். அக்கறையில்தான் பேசினான்.

"பெரியப்பா, ஒண்டியா தண்ணில போறீங்க. எதனா ஆச்சுன்னா யாரு பாக்கறது? அம்மாதான் ஓடியாரணும். மலை மேல புதுசா ஓட்டல் கட்டறாரே, அவுரு படகக் கேக்கறாரு. புல்தரையில வெச்சி மண்ணு கொட்டிப் பூச்செடி வெப்பாராம். வர்றவங்க போட்டோ புடிச்சிக்க. குடுத்துடலாம் பெரியப்பா."

எனக்கு வந்த கோபத்துக்குப் போனைத் தண்ணீரில் எறிந்திருப்பேன். ஆனால் பாதி படகு அவர்களுடையது. பாதிப் படகை எந்தத் தண்ணீரில் விடுவது?

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். நான் தரையை மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை பலராமன் மனைவி அஞ்சலை கரைக்கு வந்து பார்ப்பது. அவள் கண்ணுக்குப் பத்திரமாகத் தெரிந்தால் படகு தண்ணீரில் இருக்கும். இல்லாவிட்டால் பூந்தொட்டி.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் படகுமேல் அவ்வளவு பிரியம் இல்லை. மீன்மேலும் இல்லை. காலை பத்து மணிக்குப் போவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை. அதுதான் விஷயம்.

கடை கடையாக

தகடுதான் என்று முடிவு பண்ணிவிட்ட பிறகும் எதற்காகக் கள்ளக்குறிச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினேன் என்று இப்போது யோசிக்கிறேன். யாராவது எதிர்த்துப் பேச வேண்டும் என்று இருந்திருக்கும்.

ப்ளைவுட் கடையில் மெரைன் ப்ளை காட்டினார்கள். "கொதிக்கிற தண்ணியில போட்டாலும் உரியாதுங்க" என்றார் கடைக்காரர். ஓரத்தை அறுத்த பிறகு அறுத்த வாய்க்கு யார் ஜவாப்தாரி என்று கேட்டேன். பெயின்ட் அடிக்கச் சொன்னார். அடித்த பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

பாத்ரூம் கதவுக்குப் போடும் பிவிசி ஷீட்டை ஒருவர் சிபாரிசு செய்தார். தண்ணீரில் நூறு வருஷம் கிடந்தாலும் ஊறாதுதான். ஆனால் நடுவில் மிதித்தால் வளைகிறது, ஸ்க்ரூ இரண்டு முறை கழற்றினால் பிடிப்பதில்லை. ஈரக்காலோடு அதன்மேல் நின்றால் நேரே ஆஸ்பத்திரி.

சாமி சிற்பம் செதுக்குகிற பட்டறை ஒன்றில் ஆசாரி தேக்குதான் என்றார். "சாமிக்கே அதான் போடறோம், உனக்கு இன்னா?" கனத்தைச் சொன்னேன். "கனம் இருந்தாதானே மரம்" என்றார். அவர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

கரையில் பரிசல் போடும் முத்து ஒரு யோசனை சொன்னான். அவன் இந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவன்.

"எத வேணா போடுண்ணே. ஆனா தூக்கி எடுக்கறாப்ல போடு. அடியில தண்ணி சேரும், அள்ளணும் இல்ல?"

"நான் போடற தரையில தண்ணி எப்படிடா கீழ போவும்? ரப்பர் பீடிங் வெச்சி சந்த அடைக்கிறேன் பாரு. ஒரு சொட்டு எறங்காது."

"தண்ணி உன்னக் கேட்டுக்கினா எறங்கும்?" என்று சொல்லிவிட்டுப் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். பஸ் தரையில் முப்பத்து மூன்று வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவனுக்குப் பரிசல்காரன் பாடம் எடுக்கிறானே என்று எனக்கு எரிச்சல்.

நாற்பத்தெட்டு ரிவெட்

பழைய தரையைப் பெயர்த்தேன். மூன்று துண்டு. ஊறிப்போன ஒவ்வொரு துண்டையும் தூக்கப் பக்கத்து ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. புதுத் தகட்டை நான் ஒற்றைக் கையில் தூக்கிக் காட்டினேன். பார்ப்பதற்கு அப்போது யாரும் இல்லை, ஆனாலும் காட்டினேன்.

ஓரம் சுற்றி ரப்பர் பீடிங். இடைவெளிக்குப் பசை. நாற்பத்தெட்டு ரிவெட். டிப்போவில் என் கீழே வேலை பார்த்தவன் யாராவது அதைப் பார்த்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான். உளி நுனி நுழையாது.

வேலை முடிந்த மறுநாள் மழை பிடித்தது. நான்கு நாள் படகு கரையில் நனைந்துகொண்டே கிடந்தது. கிடக்கட்டும், என் தகட்டை மழை என்ன செய்யும் என்று வீட்டில் நிம்மதியாகப் படுத்திருந்தேன்.

அஞ்சலை வந்தாள்

ஞாயிறு நல்ல வெயில். அஞ்சலை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கரைக்கு நடந்து வந்தாள். நான்கு வருஷத்தில் அவள் அந்த இடத்துக்கு வருவது அதுதான் முதல் தடவை. எனக்கு அது அன்றைக்குத் தோன்றக்கூட இல்லை.

"இதாண்ணா படகு?"

"இதாம்மா. தரையப் பாரு, எப்டி மின்னுது."

"ம்."

படகைத் தள்ளி ஏறிப் பின்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே ஏதோ சரியில்லை. மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. காலுக்கடியில் களக் களக் என்று சத்தம். நாற்பத்தெட்டு ரிவெட்டில் எந்த ரிவெட் வழியாகவோ மழைத் தண்ணீர் தகட்டுக்கு அடியில் இறங்கியிருக்கிறது. இறங்கியது வெளியே வர நான்தான் வழி வைக்கவில்லையே. பஸ்ஸில் ரோட்டுத் தண்ணீர் கீழிருந்து மேலே வராமல் அடைப்பார்கள். படகில் மேலிருந்து போன தண்ணீரை அள்ளி எடுக்க வேண்டும். நான் பஸ்ஸுக்குப் போட்டதைப் படகுக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நான் பின்னால் சாய, அந்தத் தண்ணீரும் பின்னால் ஓடி வந்தது. மூக்கு இன்னும் தூக்கியது. மலைப்பக்கமிருந்து ஒரு காற்று. அவ்வளவுதான், படகு என் பேச்சைக் கேட்கவில்லை. இடது பக்கம் துடுப்புப் போட்டால் வலது பக்கம் சுற்றுகிறது, வலது பக்கம் போட்டாலும் வலது பக்கமே சுற்றுகிறது. கரையிலிருந்து முப்பது அடியில் நான் ராட்டினம் ஆடிக்கொண்டிருந்தேன். ஓட்டல்காரரின் பூச்செடிகள் கண்ணுக்குத் தெரிந்தன. மஞ்சள் செவ்வந்தி.

எப்படியோ திரும்பிக் கரையில் முட்டினேன். அஞ்சலை முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"அடியில கொஞ்சம் தண்ணி, எடுத்துட்டா சரியாப்பூடும்" என்றேன்.

அவள் படகின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுரு முன்னாடி ஒக்காருவாரு இல்ல?"

"ஆமா."

"அதான் முன்னாடி கனமில்ல."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கரையில் ஜோடியாக வைத்தாள். கோயிலுக்குள் போகிறவள் மாதிரி தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். வெறுங்கால் தகட்டில் பட்டதும் "ஸ்..." என்று துள்ளினாள்.

"இன்னாண்ணா, தோசக்கல்லு மேரி சுடுது!"

நான் எப்போதும் செருப்போடு படகில் இருப்பவன். பலராமன் வெறுங்காலோடு இருப்பவன். அவன் ஏன் பலகை கேட்டான் என்று நான்கு வருஷமாக அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை குனிந்து அவன் காலைப் பார்த்திருந்தால் போதும்.

அவள் முன் பலகையில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டாள். மூக்கு இறங்கியது. அடித்தண்ணீர் களக்கென்று நடுவுக்கு வந்து நின்றது. நான் துடுப்பைப் போட்டேன். படகு நேராகப் போனது. இந்த ஐந்து மாதம் ஊறிக் கனத்த பழைய தரை அந்த இடத்தின் கனத்தை ஈடுகட்டியிருக்கிறது, லேசான தகடு அதைச் செய்யவில்லை.

அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன்!

நடுத் தண்ணீருக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"இங்கதான் இருப்பீங்களா?"

"ஆமாம்மா."

"மீனு நெறைய கெடைக்குமா?"

"எப்பனா ஒண்ணு ரெண்டு."

"பின்ன சாயங்காலம் வரைக்கும் இன்னா பண்ணுவீங்க?"

"எதனா பேசிக்கினு இருப்போம். இல்லன்னா சும்மா."

அவள் தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"முப்பது வருசம் பஸ்ஸுக்குச் சோறு கட்டிக் குடுத்தேண்ணா. ரிடையர் ஆனா வூட்ல இருப்பாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்பறம் நாலு வருசம் படகுக்குக் கட்டிக் குடுத்தேன். இங்க இன்னாதான் இருக்குதுன்னு தினம் யோசிப்பேன். இவ்ளோ தானா?"

நான் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு பேருல ஒருத்தராச்சும், ஒரு நாளாச்சும், நீயும் வர்றியான்னு கேக்கலையே."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்கு பேர் உட்காரும் படகு அது. இரண்டு இடம் காலியாகவே நான்கு வருஷம் போய் வந்திருக்கிறது.

கரைக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டபோது சொன்னாள்: "குடுத்துடாதீங்க. பையன்கிட்ட நான் பேசிக்கிறேன். தகட்டப் பேத்துட்டுப் பலகையே போடுங்க. அவுரு அதத்தானே சொல்லிக்கினு இருந்தாரு."

இப்போதைய தரை

ரிவெட்டுகளைத் துளை போட்டுக் கழற்ற இரண்டு நாள் ஆனது. அடித்ததைவிட அதிக நேரம்.

இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடையில் பழைய தேக்குப் பலகை கிடைத்தது. எங்கள் பக்கத்தில் கதவு நிலைக்குப் பூசுவார்களே, முந்திரிக்கொட்டை எண்ணெய், அதை மூன்று கை பூசினேன். கையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. எதற்கும் ஆணி அடிக்கவில்லை. நான்கு பலகையும் தூக்கினால் கையோடு வரும். முத்து வந்து பார்த்தான். தேக்கைத் தட்டிப் பார்த்தான். "இத முன்னமே செஞ்சிருக்கலாம் இல்ல" என்றான். செய்திருக்கலாம்.

பலகை கனம்தான். ஆனாலும் ஒரு ஆள் கனம் இல்லை. அதனால் முன் பலகையில் ஒரு மணல் மூட்டை வைத்துக்கொண்டு தனியாகத்தான் போகிறேன். படகு நேராகப் போகிறது.

முன்பு மாதிரி விளக்கு வைக்கிற நேரம் வரை இருப்பதில்லை. மூன்று மணிக்குக் கரையேறி, வரும் வழியில் அஞ்சலை வீட்டு வாசலில் நின்று, "வந்துட்டேம்மா" என்று ஒரு குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து "சரிண்ணா" என்று வரும். ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கும்போது மத்தியானம் எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது, எனக்கு முன்னாலேயே.

"நாளைக்கு வர்றியாம்மா?" என்று தினமும் கேட்கிறேன்.

"வேல இருக்குதுண்ணா" என்கிறாள் தினமும்.

முத்து நேற்று மூட்டையைப் பார்த்துவிட்டு, காற்றில் நகர்ந்துவிடும், கயிறு போட்டுக் கட்டு என்றான். கட்டவில்லை. யாராவது வந்தால் சட்டென்று தூக்கிக் கரையில் வைக்க வேண்டியிருக்கும்.